நீர்ச் சட்டமும் கமக்காரரும்

(கிளிநொச்சியில் நெல், மரக்கறிச் செய்கையாளருக்கான வகுப்பொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வழக்கமாக விதையைப் பற்றியும், உரத்தைப் பற்றியும், பூச்சி புழுக்களைப் பற்றியும் பேசுவதற்கே நாம் கூடுவதுண்டு. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் நீரைப் பற்றிய நாட்டுச் சட்டங்கள். சட்டம் என்றவுடன் நீதிமன்றமும் தண்டப்பணமுமே பலருடைய நினைவுக்கு வரும். நீதவான் முன்னிலையில் நிற்க விரும்பும் கமக்காரர் எவருமிலர். எனினும் சட்டத்தை அறியாதிருப்பதனால் நமக்கு இருவகை நட்டம் உண்டாகின்றது. நாம் செய்யத்தகாததை அறியாமற் செய்கின்றோம். பிறர் நமக்குச் செய்யும் தீங்கைத் தடுக்க வழியிருந்தும் வாளாவிருக்கின்றோம்.

இலங்கையில் நீர் முழுவதையும் ஆளும் ஒரே சட்டம் இல்லை. வாய்க்கால் நீருக்கு ஒரு சட்டம், ஆற்று நீருக்கு ஒரு சட்டம், நிலத்தடி நீருக்கு ஒரு சட்டம், மாசு தடுப்பதற்கு ஒரு சட்டம், பீடைநாசினிக்கு ஒரு சட்டம் எனப் பலவுண்டு. இவற்றை வெவ்வேறாக மனனஞ் செய்ய வேண்டுவதில்லை. எல்லாச் சட்டங்களும் கமக்காரரை நோக்கி ஒரே கேள்வியையே கேட்கின்றன: "உனக்குக் கீழே இருப்பவனுக்கு நீ எதை விட்டாய்? எவ்வளவு விட்டாய்? எத்தகைய நீரை விட்டாய்?" இக்கேள்வியை மனத்திற் கொண்டால் சட்டங்களின் பெரும்பகுதி தானே விளங்கிவிடும்.

சட்டம் எங்கிருந்து வந்தது

குளத்து நீரைப் பங்கிடும் முறை வெளிநாட்டார் நமக்குக் கற்பித்ததன்று. வாய்க்கால் வெட்டுதல், குளக்கட்டுத் திருத்துதல், வேலி அடைத்தல், மாடு கட்டுதல், முறைநீர் விடுதல் ஆகியவை பற்றிய வழக்கங்கள் நெற்காணி உள்ள ஊரெங்கும் பழைய காலந்தொட்டு இருந்தன. 1832ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசாங்கம் இராசகாரிய முறையை ஒழித்தது. கட்டாய ஊழியம் நீங்கியது நன்றே. ஆயினும் குளத்தைப் பேணும் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்காது விட்டமையால், பல ஊர்களிற் குளங்கள் தூர்ந்தன. தண்ணீர்ச் சண்டை மலிந்தது.

இதனைக் கண்ட தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. நெற்காணி நீர்ப்பாய்ச்சல் பற்றிய பழைய வழக்கங்களைப் புதுப்பித்து நடைமுறைப்படுத்துவதே அதன் நோக்கமென அதன் தலைப்பிலேயே கூறப்பட்டது. நம் முன்னோரின் வழக்கமே சட்டமாயிற்று என்பதை இதனால் அறியலாம்.

இப்பொழுது நடைமுறையிலுள்ள நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கத்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் கமவிதானை முறையை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. 1994ஆம் ஆண்டில் நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் திருத்தப்பட்டபோது கமக்காரர் அமைப்புகளுக்கு அதில் இடமளிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் கமக்காரர் அமைப்புகளை ஏற்றுப் பதிவுசெய்கின்றது. கமவிதானையின் கையிலிருந்த அதிகாரத்தின் ஒரு பகுதி இவ்வாறு படிப்படியாக உங்கள் கைக்கு வந்துள்ளது. அதிகாரம் வந்தவிடத்துப் பொறுப்பும் வந்துள்ளது.

எந்தக் குளம் யாருடைய பொறுப்பு என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். 80 எக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பார்வையில் உள்ளன. அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குரியவை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, ஒரு மாகாணத்துக்குள்ளேயே தொடங்கி முடியும் ஆறுகளின் நீர்ப்பாசனம் மாகாணத்தின் பொறுப்பாகும். இரணைமடுவை நிரப்பும் கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்திற் தோன்றி, முல்லைத்தீவு மாவட்டத்தைக் கடந்து, கிளிநொச்சியூடாகச் சுண்டிக்குளம் கடனீரேரியில் விழுகின்றது. முழுவதும் வட மாகாணத்துக்குள் அமைந்த ஆறாதலின், இரணைமடு வட மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின்கீழ் இருக்கின்றது.

கூட்டத்தின் முடிவே சட்டம்

போகத்துக்கு முன் மாவட்டச் செயலாளர் தலைமையில் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தைச் சிலர் வெறுஞ் சடங்கென்று எண்ணுகின்றனர். அது தவறு. நீர் திறக்கும் நாள், இறுதி நீர் விடும் நாள், விதைப்பை முடிக்க வேண்டிய நாள், செய்கை பண்ணும் ஏக்கர் அளவு, நெல்லினத்தின் வயது, வாய்க்கால் துப்புரவு செய்யும் முறை, கால்நடைகளைக் கட்டும் நாள் என்பன அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. பெரும்பான்மையோரின் அம்முடிவு, கூட்டத்துக்கு வராதவரையும் எதிர்த்து வாக்களித்தவரையும் சேர்த்தே கட்டுப்படுத்தும். அதை மீறுதல் சட்டத்தை மீறுதலாகும். ஆகவே கூட்டத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்து குறை கூறுவதிற் பயனில்லை. பேச வேண்டியதை அங்கேயே பேசுதல் வேண்டும்.

இரணைமடுக் குளத்தின் வேலை 1902ஆம் ஆண்டிலே தொடங்கி 1920ஆம் ஆண்டிலே நிறைவேறியது. அதன்பின் பலமுறை அதன் கட்டு உயர்த்தப்பட்டது. எவ்வளவு உயர்த்தினும், வானம் தந்த நீரே அதில் நிற்கும். காலபோகத்தில் மழையும் குளமும் சேர்ந்து பயிரைக் காக்கின்றன. சிறுபோகத்தில் குளத்து நீரே பயிருக்கு உயிர். ஆகையினாலேயே மாரி முடிந்து குளத்திலுள்ள நீரை அளந்த பின்னர், இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாமென்று கூட்டத்தில் வரையறுக்கின்றார்கள். அந்த வரையறையை மீறினால் என்ன நேரும்? ஒரு சிறு கணக்கினாற் பார்ப்போம்.

ஒரு குளத்தில் சிறுபோகத்துக்கென 4,000 ஏக்கர்-அடி நீர் இருப்பதாகக் கொள்வோம். வாய்க்காலிற் போகும் சேதத்தையும் சேர்த்து ஓர் ஏக்கர் நெல்லுக்கு 4 ஏக்கர்-அடி வேண்டுமெனின், 1,000 ஏக்கர் விதைக்கலாம். தலைமடையில் உள்ளவர்கள் கூட்டத்தின் முடிவுக்கு மேலாக 100 ஏக்கர் விதைத்துவிட்டால், அவர்களுடைய பயிர் 400 ஏக்கர்-அடி நீரைக் குடித்துவிடும். அப்பொழுது கடைமடையில் 100 ஏக்கருக்கு நீரில்லை.

இந்த நட்டம் விதைக்கும் நாளிலே தெரிவதில்லை. குளத்தில் நீர் நிறைந்திருக்கும்போது எல்லா வயலும் பச்சையாகவே இருக்கும். நீர் வற்றுவது பயிர் குடலைப் பருவத்திலோ கதிர் தள்ளும் பருவத்திலோ நிற்கும்போது. அதற்குள் உழவுகூலி, விதைநெல், உரம், களைநாசினி ஆகிய எல்லாச் செலவையும் கடைமடைக்காரர் செய்து முடித்திருப்பார். நகை அடகு வைத்துச் செய்தவரும் இருப்பர். வரம்பு மீறி விதைத்தவர் நெல்லை அறுத்துக்கொண்டு போக, முடிவுக்குக் கட்டுப்பட்டவர் பதரை அறுப்பார். களவு செய்தவர் ஒருவர், நட்டப்படுபவர் மற்றொருவர். இந்த அநீதியைத் தடுப்பதற்கே சட்டம் ஏக்கரை வரையறுக்கின்றது.

நீரின் அளவையும் சற்று நினைத்துப் பாருங்கள். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல உயரத்துக்கு நிற்கும் நீர் ஏறக்குறைய 102,800 லீற்றர் ஆகும். மடையைத் திறந்துவிட்டு உறங்கி, இரண்டங்குல நீரைக் கழிவாய்க்காலில் ஓடவிட்டவர் இரண்டு இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட நீரை வீணாக்கியவராவார். வாய்க்காலை வெட்டுதல், மதகை உடைத்தல், துருசுக் கதவை அனுமதியின்றித் திறத்தல், நீரை வீணே ஓடவிடுதல், வாய்க்காலை அடைத்தல் ஆகிய எல்லாம் நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டத்தின்கீழ்க் குற்றங்களாகும்.

குளத்தின் அலைகரையிலும், வாய்க்காலின் ஒதுக்குநிலத்திலும் பயிர்செய்தலும் வேலியடைத்தலும் இவ்வகையினதே. 2018ஆம் ஆண்டு மார்கழி மாதத்திற் பெருமழை பெய்து இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கிளிநொச்சியிற் பல ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வெள்ளம் ஓட வேண்டிய வழியை நாமே அடைத்து வைத்தால், அது நம் வீட்டு வாசலை வழியாக்கிக்கொள்ளும்.

ஆறும் கிணறும்

ஆறு, அருவி முதலிய பொது நீர்நிலைகளின் நீரை ஆளும் உரிமை அரசுக்குரியதென 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச்சட்டம் கூறுகின்றது. கரையிலே காணியுள்ளவர் வீட்டுத் தேவைக்கும், கால்நடைக்கும், பயிருக்கும் கையுழைப்பினால் நீரை எடுத்துக்கொள்ளலாம். அணையிட்டுத் திருப்புவதற்கும் தேக்குவதற்கும் அனுமதி வேண்டும். பட்டையும் வாளியும் கொண்டு இறைத்த காலத்தில் ஒருவர் எடுக்கக்கூடிய நீருக்கு அவருடைய தோள்வலியே எல்லையாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு அத்தகைய எல்லையில்லை. இரவு முழுவதும் அது இறைக்கும். ஆகவே ஆற்றிலோ வாய்க்காலிலோ இயந்திரம் பூட்டுமுன் உரிய உத்தியோகத்தரைக் கேட்டு அனுமதி பெறுதல் வேண்டும். கடைமடையில் நெல் வாடும்போது வாய்க்காற் கரையில் இயந்திரம் வைத்து மேட்டுநிலத்துக்கு இறைப்பவர், அயலவரின் பங்கையே இறைக்கின்றார்.

நிலத்தடி நீரை ஆராய்ந்து பேணுவதற்கு 1964ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தினால் நீர்வள சபை ஏற்படுத்தப்பட்டது. குழாய்க்கிணறு தோண்ட எண்ணுவோர் அச்சபையின் ஆலோசனையைப் பெறுதல் நன்று. பூநகரி போன்ற கரையோரப் பகுதிகளில் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். ஒருமுறை உவர்த்த கிணற்றை மீட்பதற்குப் பல மாரி வேண்டும்.

ஆற்று மணலும் நீர்ச் சட்டத்தோடு சேர்ந்ததே. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றி மணல் அகழ்தல் குற்றமாகும். மணற்படுக்கை மாரிநீரை உறிஞ்சி வைத்துக் கோடையிலே அண்டைக் கிணறுகளுக்குக் கொடுக்கும் களஞ்சியம். மணலை அள்ளிக்கொண்டு போனால் ஆற்றின் படுக்கை தாழும். அதனோடு கிணற்று நீரும் தாழும். மரக்கறித் தோட்டக்காரருக்கு இதனால் உண்டாகும் நட்டம், மணல் விற்றவருக்குக் கிடைத்த கூலியிலும் பன்மடங்காகும்.

நீரின் தூய்மை

இதுவரை நீரின் அளவைப் பற்றிச் சொன்னேன். இனி அதன் தூய்மையைப் பார்ப்போம். பொது ஊற்றின் அல்லது நீர்த்தேக்கத்தின் நீரை அழுக்காக்குதல் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலேயே குற்றமாகச் சொல்லப்பட்டுள்ளது. பின்னர் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தினால் மத்திய சுற்றாடல் அதிகாரசபை நிறுவப்பட்டது. 1988ஆம் ஆண்டின் திருத்தம், உள்நாட்டு நீர்நிலைகளை மாசுபடுத்துவதைத் தெளிவாகத் தடைசெய்தது. கழிவை நேரே ஆற்றிற் கொட்டினால் மட்டுமே குற்றமென்று எண்ண வேண்டாம். மழையிற் கழுவுண்டோ, நிலத்தில் ஊறியோ நீரைச் சேரக்கூடிய இடத்தில் மாசுப்பொருளை வைப்பதும் தடைக்குள் அடங்கும். சூழலுக்குக் கழிவை வெளியேற்றும் குறித்த தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். உங்கள் வாய்க்காலருகே நெல் அவிக்கும் ஆலையோ, வாகனங் கழுவும் நிலையமோ கழிவுநீரை விடுமாயின், அதற்கு அனுமதிப்பத்திரம் உண்டா, அதன் நிபந்தனைகள் கைக்கொள்ளப்படுகின்றனவா என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமையுண்டு.

சட்டம் ஏட்டுச் சுரைக்காயன்று என்பதற்கு நம் அயலிலேயே சான்று இருக்கின்றது. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது தெரியவந்தது. குடிநீருக்கு மக்கள் தாங்கிகளை எதிர்பார்க்கும் நிலை ஏற்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டுமென்னும் கொள்கையின்படி, 2019ஆம் ஆண்டு சித்திரை மாதம் 4ஆந் திகதி, மின்னுற்பத்தி செய்த தனியார் கம்பனி இரண்டு கோடி ரூபாவை நட்டஈடாகச் செலுத்த வேண்டுமென மன்று தீர்த்தது. சிறு கிணறு உடைய குடும்பமும் பெருங் கம்பனியும் சட்டத்தின் முன் எதிரெதிராக நிற்கலாமென்பதை இத்தீர்ப்பு காட்டிற்று. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. தீர்ப்பினாற் பணம் வரும். எண்ணெய் ஊறிய நிலம் அந்நாளிலேயே தூய்மையாகிவிடாது. ஆதலின் மாசு வருமுன் தடுப்பதே அறிவுடைமை.

நம் கையால் வரும் மாசு

ஆலையையும் கம்பனியையும் சுட்டிய விரல் நம் பக்கமும் திரும்புதல் வேண்டும். கமக்காரர் நிலத்துக்கு இடும் உரமும் பீடைநாசினியும் நீரையே சென்று சேர்கின்றன.

யூரியாவை எடுத்துக்கொள்வோம். 50 கிலோ மூடையொன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. பயிர் உண்ணாத நைதரசன் நைத்திரேற்றாகி நீரோடு கீழிறங்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. ஒரு மூடையின் நைதரசனிற் பத்திலொரு பங்கு மட்டும் வீணாகிக் கிணற்று நீரைச் சேருமாயின், அது ஏறக்குறைய இரண்டு இலட்சம் லீற்றர் தூய நீரை அந்த எல்லைவரை கொண்டுபோகப் போதுமானது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டப் பகுதிகளிற் பல கிணறுகளில் இந்த எல்லை கடந்திருப்பது ஆராய்ச்சிகளில் அறியப்பட்ட செய்தி. அத்தகைய நீரிற் கரைத்த பால்மா கைக்குழந்தையின் குருதியைக் கெடுத்து, உடல் நீலம்பாயும் நோயை உண்டாக்கக்கூடும். நீரைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாகக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். நம் கிணறுகள் அந்நிலைக்கு வருமுன் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். யூரியாவை ஒரே தடவையிற் கொட்டாது பிரித்திடுதல், மண் பரிசோதனைப்படி இடுதல், மழை வரும் அறிகுறி தெரியும் நாளில் இடாதிருத்தல், உரமிட்ட வயலின் நீரை உடனே வெளியே விடாதிருத்தல் ஆகியவை கிணற்றையும் காக்கும், பணப்பையையும் காக்கும்.

பீடைநாசினிக்கு 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு. பீடைகொல்லிப் பதிவாளரிடம் பதிவுசெய்யப்படாத மருந்தை இந்நாட்டில் விற்றலாகாது. சுட்டுத்துண்டு இல்லாத போத்தலையும், களவாகக் கொண்டுவந்த மருந்தையும், எவ்வளவு மலிவாயினும் வாங்காதீர்கள். அதனுள் இருப்பது யாதென்று விற்றவருக்கே தெரியாது. நஞ்சுண்டவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றால், எதற்கு மருந்து கொடுப்பதென்று வைத்தியருக்கும் தெரியாது.

மருந்து தெளிப்போர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் வேண்டும்:

1. தெளிகருவியை வாய்க்காலில் அமிழ்த்தி நிரப்பலாகாது. வாளியில் நீர் மொண்டு வந்து, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தூரத்தில் வைத்துக் கலத்தல் வேண்டும்.

2. சுட்டுத்துண்டிற் சொன்ன அளவுக்கு மேற் கலக்கலாகாது. அளவு கூடினால் பூச்சி கூடுதலாகச் சாகுமென்பது தவறான எண்ணம்.

3. வெறுமையான போத்தலை மூன்றுமுறை அலசி, அலசிய நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி வயலுக்குத் தெளித்துவிடுதல் வேண்டும். போத்தலைத் துளையிட்டு, மீண்டும் எவரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி செய்தல் வேண்டும். வாய்க்காலிலோ குளத்திலோ எறிதல் பெருங் குற்றம்.

4. களைநாசினி தெளித்த வயலின் நீரைச் சுட்டுத்துண்டிற் குறித்த நாள்வரை வெளியே விடாது வரம்பைக் கட்டி நிறுத்துதல் வேண்டும்.

5. தெளிகருவியையும் உடுப்பையும் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவலாகாது. அதே வாய்க்காலிற் கீழே பிள்ளைகள் குளிக்கின்றார்கள். மாடுகள் நீர் குடிக்கின்றன.

கடைமடைக்கும் கீழே

"நான் கடைமடைக்காரன், எனக்குக் கீழே எவருமில்லை" என்று ஒருவர் சொல்லக்கூடும். அது சரியன்று. கனகராயன் ஆறும், நம் வயல்களின் கழிநீரும் சென்றடைவது சுண்டிக்குளம் கடனீரேரி. அங்கே இறாலும் மீனும் பிடித்துச் சீவிக்கும் குடும்பங்கள் உண்டு. வெளிநாட்டுப் பறவைகளும் வந்து தங்கும் அவ்விடம் 2015ஆம் ஆண்டிலே தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. வயலிற் தெளித்த நஞ்சு மீனின் வயிற்றில் நின்றுவிடாமல், சந்தை வழியாக நம் சட்டிக்கே திரும்பி வரும். அவ்வாறே நமக்கு மேலேயும் கமக்காரர் உளர். கனகராயன்குளத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வரும் நீரையே நாம் இரணைமடுவிற் தேக்குகின்றோம். மேலே உள்ளவரிடம் நாம் எதை எதிர்பார்க்கின்றோமோ, அதையே கீழே உள்ளவருக்குச் செய்தல் கடன்.

இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு எழுந்தபோது, இங்குள்ள கமக்காரர் சிறுபோகம் குறைந்துவிடுமென்று அஞ்சி எதிர்த்தனர். யாழ்ப்பாணத்து மக்களுடைய தாகமும் பொய்யன்று. இங்குள்ளவருடைய அச்சமும் பொய்யன்று. நெடிய வாதத்தின் பின்னர், கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் அமைக்கப்பட்டு 2024ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்டது. கமக்காரர் ஒன்றுகூடிப் பேசினால் அவர்கள் குரல் கேட்கப்படுமென்பது இதனாற் புலனாகின்றது. அதனோடு இன்னுமொன்றும் புலனாகின்றது. குடிக்க நீரில்லாத ஊர்கள் பல இருக்கும் நாட்டில், பாசன நீருக்கு உரிமை கேட்பவர் அதனை எவ்வாறு செலவழித்தாரென்று கணக்குக் காட்டவேண்டிய காலம் வரும். நீரைச் சிக்கனமாகவும் நீதியாகவும் பங்கிட்டவருடைய சொல்லுக்கே அன்று மதிப்பிருக்கும். கழிவாய்க்காலில் வீணே ஓடும் நீர், நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

முறைப்பாடு செய்யும் முறை

நீர்ப் பங்கீட்டிலே குறையேற்படின், முதலில் உங்கள் வாய்க்காற் பிரதிநிதியிடமும், பின் கமக்காரர் அமைப்பிடமும் முறையிடுங்கள். அங்கே தீராவிடின், பெரிய குளமாயின் நீர்ப்பாசனப் பொறியியலாளரிடமும், சிறு குளமாயின் கமநல சேவை நிலையத்து உத்தியோகத்தரிடமும் எழுத்திற் கொடுங்கள். அதற்கும் மேல் பிரதேச செயலாளரும் மாவட்டச் செயலாளரும் இருக்கின்றனர்.

நீர் மாசுபடுவதைக் கண்டால், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், பிரதேச சபைக்கும், மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் அறிவியுங்கள். பொதுத் தொல்லையை நீக்கும்படி கட்டளையிடும் அதிகாரம் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையினால் நீதவானுக்குக் கொடுக்கப்பட்டுள்ளது.

முறைப்பாட்டிலே திகதி, நேரம், வாய்க்காலின் பெயர், கண்டது யாது, கூட இருந்தவர் யார் என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். கைத்தொலைபேசியாற் படமெடுத்து வையுங்கள். நீர் மாதிரியை உரிய உத்தியோகத்தர் முன்னிலையில் எடுப்பதே பின்னர் சாட்சியமாக நிலைக்கும். கடிதத்தின் பிரதியொன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் மதகடிக்குப் போவதாற் பயனில்லை. நீதி உங்கள் பக்கம் இருந்தாலும், அந்த ஓரடியினால் நீங்களே குற்றவாளியாவீர்கள்.

முடிவுரை

பெரியோர்களே, இயற்கையைப் பாதுகாத்து அதன் வளங்களைப் பேணுதல் ஒவ்வொருவருடைய கடமையுமாகுமென நம் நாட்டு அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை கூறுகின்றது. அரசாங்கத்தின் கடமையென்று மட்டும் அது கூறவில்லை. ஒவ்வொரு மதகுக்கும் ஒரு காவற்காரரை நிறுத்த எந்த அரசாங்கத்தாலும் இயலாது.

ஆகவே வருகின்ற போகத்துக்கு மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கின்றேன். பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குத் தவறாது செல்லுங்கள். அங்கே தீர்மானித்த ஏக்கருக்கு மேல் ஒரு பாத்தியும் விதையாதீர்கள். உங்கள் காணியை ஒட்டிய வாய்க்காலைப் புல், பொலித்தீன், போத்தல் இல்லாது துப்புரவு செய்து வையுங்கள். போகத்தில் ஒருமுறையாயினும் உங்கள் வாய்க்கால் வழியே கடைமடைவரை நடந்து சென்று, அங்கே போய்ச் சேரும் நீரின் அளவையும் நிறத்தையும் கண்ணாற் காணுங்கள். கடைமடைக் காணிக்காரரோடு பேசுங்கள். கூட்டத்தில் எத்தனை ஏக்கருக்குக் கையுயர்த்துவதென்பது அப்போது உங்களுக்கே தெளிவாகும்.